ராணியின் மணிக்கட்டும் என் கைச்சரக்கும்

மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "என்னாச்சு, ஊருக்குப் போய்ட்டீங்களா?" என்று ரெண்டு பேர் மெயில் போட்டிருந்தார்கள். (அந்த ரெண்டு பேரில் ஒருத்தி என் தங்கை. அதை விடுங்க.) ஊருக்கெல்லாம் போகவில்லை. இதே புனேயில், கோத்ரூட் வீட்டு பால்கனியில், கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு ஒரு ராணியின் மணிக்கட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்து, நாலு பேர் முன்னால் பெருமையாக வைத்து, நன்றாக மூக்குடைபட்டு, இப்போது அதில் ஒரு மூலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரிக்கும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. அதனால் இந்தப் பதிவு.

ராணி யாரென்றால் ஜேன் சீமோர். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு மூன்றாவது மனைவி. 1536-ல் கல்யாணம், 1537 அக்டோபரில் ஆண் பிள்ளை, பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் மரணம். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஜெர்மானிய ஓவியர் அவரை வரைந்துவிட்டார். அந்தப் படம் இன்று வியன்னாவில், குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 65 சென்டிமீட்டர், அதாவது நம் வீட்டுப் பூஜை அறை தஞ்சாவூர்ப் படம் அளவுதான். சிவப்பு வெல்வெட் கவுன், முத்து, தங்கம் எல்லாம் உண்டு. எல்லாரும் நகையைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது கையை. கோர்த்து வைத்திருக்கும் கைகளுக்கு மேலே, கனமான சட்டைக்கையிலிருந்து வெள்ளைத் துணி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அந்த வெள்ளையில் கறுப்பு நூல் வேலைப்பாடு.

இதற்கு பிளாக்வொர்க் என்று பெயர். வெள்ளை லினன் துணியில் கறுப்புப் பட்டு நூல். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான ஆணும் பெண்ணும் உள்ளே லினன் அங்கி போட்டு, மேலே வெல்வெட்டும் பட்டுமாக அடுக்கினார்கள். மேலே போடுவதைத் துவைக்க முடியாது. உள்ளே போடுவதைத் துவைக்கலாம். அந்த உள்ளங்கியில் வெளியே தெரிவது கழுத்தும் மணிக்கட்டும் மட்டும்தான், ஆகவே வேலைப்பாடும் அங்கேதான். மணிக்கட்டுச் சுருக்கம் விரிந்து நிற்கும்போது உள்பக்கமும் தெரியும், வெளிப்பக்கமும் தெரியும். அதனால் தையல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

அதற்கு ஒரு வழி. ஆறாம் கிளாஸ் தையல் வகுப்பில் காடாத் துணியில் ஓட்டுத்தையல் போட்டது நினைவிருக்கிறதா? ஒரு தையல் மேலே, ஒரு தையல் கீழே, நடுவில் இடைவெளி. அப்படியே கடைசி வரை போங்கள். பிறகு வந்த வழியே திரும்புங்கள், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு. இப்போது முன்பக்கம் ஒரு முழுக்கோடு, பின்பக்கமும் ஒரு முழுக்கோடு. அவ்வளவுதான் சங்கதி. இதற்கு இன்று உலகம் முழுக்க ஹோல்பைன் தையல் என்று பெயர். ஹோல்பைன் வாழ்நாளில் ஊசியைக் கையில் எடுத்தாரா என்பது வேறு விஷயம். வரைந்தவர் பெயர் தையலுக்கு வந்துவிட்டது. ஜேன் சீமோரின் அந்த மணிக்கட்டில் கண் நோகத் தைத்தவளின் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது இப்படித்தான். ஆபீசில் மார்ச் முடிந்து, ஆடிட் ரிப்போர்ட்டுகளெல்லாம் போன பிறகு, ராத்திரி தூக்கம் வராமல் மியூசியம் சைட்டுகளில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தது. முன்பெல்லாம் புத்தகத்தில் தபால்தலை அளவுக்குப் போட்டிருப்பார்கள். இப்போது ஓவியத்தின் விரிசலைக்கூட எண்ணலாம். மணிக்கட்டை மட்டும் வெட்டி ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்தேன். ரங்கமணி, "யாரு கை இது, ஃபாரன்ஸிக் கேஸா?" என்றார்.

இனி வேலை. இதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். பிடிக்காதவர்கள் ரெண்டு பத்தி தாண்டிவிடுங்கள்.

முதல் சிக்கல், மணிக்கட்டு உருளை. தாள் தட்டை. நடுவில் இருக்கும் பூ முழு அகலத்தில் தெரியும், பக்கத்துக்குப் போகப் போக ஒடுங்கும். ஆகவே பார்வைக்கு நேரே நிற்கும் ஒரே ஒரு பகுதியைத்தான் நம்பலாம். ரெண்டாவது, அளவு. படம் ஆளுயரப் படம் கிடையாது. ஆகவே படத்தில் கையின் அகலம் எவ்வளவு, நிஜமாக ஒரு பெண்ணின் கை சுமாராக எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்தில் மணிக்கட்டைப் பெரிதாக்கவேண்டும். மூன்றாவது, துணி. லக்ஷ்மி ரோடிலும் துளசிபாகிலும் அலைந்தேன். மேட்டித் துணி எங்கேயும் கிடைக்கும், ஆனால் அது முரடு. கடைசியில் அங்குலத்துக்கு 28 இழை உள்ள லினனைத் தபாலில் வரவழைத்தேன். ரெண்டு இழைக்கு ஒரு தையல் என்றால் அங்குலத்துக்கு 14 தையல், ஒவ்வொன்றும் ரெண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. என் மணிக்கட்டு ஆறு அங்குலம். ஆறு பெருக்கல் பதினாலு, 84 தையல். நான் கிராஃப் தாளில் பிடித்த மாதிரி பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. ஆக, ஏழு முறை, மிச்சமில்லாமல். கணக்கு இவ்வளவு அழகாக விழுந்தால் ஒரு ஆடிட்டருக்குச் சந்தேகம் வரவேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது.

நாலாவது சிக்கல்தான் பெரிது. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தையல் மறைந்து வெறும் பெயின்ட் ஆகிவிடும். ஹோல்பைன் மகா நுணுக்கக்காரர். தன் முன்வரைவுப் படங்களில் இந்த இடம் என்ன துணி, என்ன நிறம் என்று ஜெர்மன் மொழியில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பார்த்து வண்ணம் தீட்டியவர். ஆனாலும் அவர் வரைந்தது ஒரு ராணியை. தையல்காரிக்கு மாதிரித்தாள் போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வளைவு, ஒரு புள்ளி, ஒரு இழுப்பு. அது மூன்று தையலா, நாலு தையலா என்று தூரிகை சொல்லாது. இன்னும் மோசம் அவருடைய சின்னப் படங்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஜேன் ஸ்மால் என்ற பெண்ணின் படம் இருக்கிறது, 1536 வாக்கில் வரைந்தது. விட்டம் 5.3 சென்டிமீட்டர். சீட்டுக்கட்டுச் சீட்டின் மேல் தோல் தாள் ஒட்டி அதில் வரைந்தது! அந்தக் கழுத்துப் பட்டியிலும் கறுப்பு வேலைப்பாடு தெரிகிறது. அதில் முக்கால்வாசி நம் கண் போட்டுக்கொள்ளும் தையல்தான்.

அப்புறம், படத்தில் இல்லவே இல்லாத பகுதிகள். மணிக்கட்டின் அடிப்பக்கம் எந்த ஓவியத்திலும் தெரியாது. சுருக்கத்தின் மடிப்புக்குள் போனது தெரியாது. பட்டியின் ரெண்டு முனையும் சேர்ந்து நாடா கட்டும் இடத்தில் மாதிரி எப்படி முடிந்தது என்று தெரியாது. ஒரு முழு மணிக்கட்டுப் பட்டி தைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் கைச்சரக்குதான். நானும் சேர்த்தேன். முனையில் மொட்டையாக இருந்தது, ஒரு குட்டிப் பூ வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

சங்கராந்தி வந்தது. இங்கே மகாராஷ்டிரத்தில் சங்கராந்திக்குக் கறுப்பு உடுத்துவார்கள். முதல் வருஷம் போனில் இதைச் சொன்னபோது அம்மா, "பண்டிகையும் அதுவுமா கறுப்பா?" என்று பதறிப்போனாள். பதினேழு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது, அம்மாவுக்கு இன்னும் இல்லை. எங்கள் குடியிருப்பில் ஹல்தி-குங்குமத்துக்குப் பெண்களெல்லாம் கூடுவோம். எள்ளுருண்டை, வெற்றிலை, கூடவே அவரவர் கைவேலையை ஒரு மேஜையில் வைப்போம். 2025 ஜனவரியில் என் மணிக்கட்டுப் பட்டியும் மேஜை ஏறியது. கீழே ஒரு அட்டை: "1536-ல் இங்கிலாந்து ராணி அணிந்த அதே வேலைப்பாடு." அச்செடுத்து, பார்டர் எல்லாம் போட்டு.

மூன்றாம் மாடிக் காக்கூ வந்தார். தார்வாடிலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருஷம் ஆயிற்று. எழுபது வயதிருக்கும். பட்டியைக் கையில் எடுத்தார். எல்லாரும் முன்பக்கம் பார்த்து "கித்தீ சுந்தர்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கவந்திதானே?" என்றார். பாதி ஹிந்தி, பாதி மராத்தி. எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். வட கர்நாடகத்தில், இல்கல் புடவைகளில் போடும் கசூதி வேலையில் நாலு வகைத் தையல் உண்டு: கவந்தி, முர்கி, நேகி, மெந்தி. அதில் கவந்தி என்பது போய்த் திரும்பும் இதே ஓட்டம்தான். துணியில் வரைந்துகொள்ள மாட்டார்கள், இழை எண்ணித்தான் போடுவார்கள், முடிச்சு போடக்கூடாது, ரெண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாக நான் சொல்லவரவில்லை. எண்ணக்கூடிய இழையும் ஊசியும் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு ஓட்டம் தானாகவே தோன்றலாம்.

காக்கூ என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். எதுவும் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம்.) பிறகு அந்தக் குட்டிப் பூவில் விரலை வைத்து, "இது எதோடயும் ஒட்டாம தனியா நிக்குதே, நூல் எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

திருப்பினால் பின்பக்கம் என் நூல் காலண்டர் கோடு மாதிரி நீளமாகத் தாவியிருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போய்த் திரும்பும் தையலில் கிளை வந்தால் என்ன செய்வது? நடுக்கொடியில் போய்க்கொண்டிருக்கும்போது கிளை வந்தால், கிளைக்குள் நுழைந்து நுனிவரை ஒன்று விட்டு ஒன்று தைத்து, விட்டதை நிரப்பிக்கொண்டே திரும்பி, நடுக்கொடிக்கு வந்த பிறகுதான் மேலே போகவேண்டும். கிளைக்குள் கிளை என்றாலும் அதேதான். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கோடுகளாலான எந்த வடிவத்தையும் இப்படி ஒரே நூலில் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறது. ஒவ்வொரு கிளைக்கும் போக வர ஆகும் தையல் எண்ணிக்கை இரட்டைப்படை, ஆகவே மேல்-கீழ் வரிசை குலையாது. ஆனால் எதோடும் ஒட்டாத பூ என்றால் தனியாக நூல் தொடங்கவேண்டும், அல்லது பின்னால் தாவவேண்டும். அந்தக் காலத்தில் தனிப்பூ வைத்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரெண்டு பக்கமும் காட்டவேண்டிய பட்டியில் நான் அதை வைத்ததற்கு ஒரே காரணம், எனக்கு நூல் போகும் வழியைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் பார்த்தது கோட்டை மட்டும்.

"படத்துல இந்தப் பூ இருந்ததா?" என்றார் காக்கூ.

"இல்லை, அது நான்..."

"அப்ப அட்டையில ஏன் அதே வேலைன்னு எழுதியிருக்கே?"

எள்ளுருண்டை தொண்டையில் நின்றது. பதினேழு வருஷமாக நான் மற்றவர்களைக் கேட்கும் கேள்வி அது. வவுச்சர் எங்கே?

அவர் என்னை மட்டம் தட்டக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா போட்ட கசூதிப் புடவை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் ஒரு துளசி மாடம், கீழே படிகள். கடைகளில் இப்போது மெஷினில் அடித்து கசூதி என்று விற்கிறார்களே, அதில் அதே மாடம் வேறு மாதிரி வருகிறது. யாரோ கம்ப்யூட்டரில் போடும்போது படிகளை வசதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய சொந்தக்காரப் பெண் ஒருத்தி கல்யாண வீட்டில் காக்கூவின் புடவையைப் பார்த்து, "உங்க அம்மா படியைத் தப்பா எண்ணிட்டாங்க போல" என்றாளாம். காக்கூ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் புடவையை மடிக்கும்போது அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தார்.

இங்கேதான் என் சண்டை. பழைய ஓவியங்களிலிருந்து இந்த வேலைப்பாட்டைத் திருப்பி எடுக்கும் நாங்கள் எல்லாரும், எது படத்தில் இருந்தது, எது நாங்கள் சேர்த்தது என்பதைத் துணியிலேயே தெரியும்படி வைக்கவேண்டும். கிராஃப் தாளில் மட்டும் வைத்தால் போதாது. தாள் ஒரு கைக்குப் போகும், துணி வேறொரு கைக்குப் போகும், ரெண்டும் ஒருநாளும் மறுபடி சந்திக்காது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டால், இந்த வேலைப்பாட்டுக்கு ஒரு சாபம் இருக்கிறது. கறுப்புச் சாயம். அந்தக் காலத்தில் நல்ல கறுப்பு வேண்டுமென்றால் ஓக் மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் உருண்டைக் காய்களையும் இரும்பு உப்பையும் சேர்ப்பார்கள். என்னவோ அந்நியச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அந்த உருண்டைதான் நம் மாசிக்காய், குழந்தைக்கு உரைமருந்தில் வசம்போடு சேர்த்து உரைப்போமே, அதேதான். இரும்பு உப்பு அன்னபேதி. ரெண்டும் சேர்ந்தால் கரிக்கறுப்பு. ஆனால் அந்த இரும்பு பட்டு நூலை உள்ளிருந்தே அரிக்கும். நாளாக நாளாக நூல் பழுப்பாகி, நொறுங்கி, உதிர்ந்துவிடும். அதனால் மியூசியங்களில் இருக்கும் பழைய பிளாக்வொர்க் துணிகள் சிலவற்றில் இப்போது நூல் இல்லாத இடங்கள் உண்டு. வெள்ளை லினன் இருக்கிறது, ஊசி போன ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன, நடுவே தையல் இல்லை. வெள்ளைத் துணி பிழைத்தது, அதில் போட்ட அத்தனை உழைப்பும் தன்னைத் தானே தின்றுவிட்டது.

ஹோல்பைன் காலத்து அச்சுப் புத்தகங்கள் கைகொடுக்காதா? கொஞ்சம் கொடுக்கும். ஜெர்மனியில் 1520-களிலேயே தையல் மாதிரிப் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. கொலோன் நகரத்தில் பேட்டர் குவென்டல் 1527-ல் போட்டது பெயர் பெற்றது. ஆனால் அந்தப் புத்தகங்களை வாங்கியவர்கள் அலமாரியில் வைத்துப் பார்க்கவா வாங்கினார்கள்? படத்தின் கோட்டில் ஊசியால் ஓட்டை குத்தி, மேலே கரித்தூளைத் தட்டித் துணியில் இறக்கினார்கள், நம் ஊர்க் கோலத் தட்டில் மாவு தட்டுவது மாதிரி. பக்கங்கள் கிழிந்தன. அதனால் மிஞ்சியவை குறைவு. ஆக, குறிப்பிட்ட ஒருத்தியின் குறிப்பிட்ட மணிக்கட்டில் என்ன இருந்தது என்பதற்கு அநேகமாக அந்த ஓவியம் ஒன்றுதான் சாட்சி. ஒரே சாட்சியின் வாக்குமூலத்தில் நாம் நாலு வரி சேர்த்துவிட்டு, முழுவதும் அவர் சொன்னது என்றால்?

நடக்கிறது. வெளிநாட்டு சைட் ஒன்றில் ஒரு மாதிரித்தாள் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். "ராணி அணிந்த அசல்" என்று போட்டிருந்தார்கள். முழுப் பட்டி, முனை வரைக்கும். பிறகு வேறொருவர் போட்ட இன்னொரு தாளைப் பார்த்தேன். அதில் ஒரு இலை மட்டும் மற்ற இலைகளைவிட ஒரு தையல் கூடுதல். முதல் தாளிலும் அதே இலை, அதே கூடுதல். ஓவியத்தில் அந்த இடம் மடிப்புக்குள் இருக்கிறது, இலையே தெரியாது. ரெண்டு லெட்ஜரில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருவர் தற்செயலாகப் போட்ட தையலை இன்னொருவர் சரித்திரமாகக் காப்பி அடித்திருக்கிறார். அதைத் தைத்த நூறு பேரில் ஒருவர் பேத்திக்குக் கொடுப்பார், பேத்தி அதை ராணியின் இலை என்பாள்.

இதே மாதிரி ஒரு கதை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. பிளாக்வொர்க்கை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயினிலிருந்து 1501-ல் வந்த கேத்தரின், ஹென்றியின் முதல் மனைவி என்று எந்தத் தையல் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். இதற்கு ஸ்பானிஷ் வேலை என்றும் ஒரு பெயர் உண்டு. அவரால் நாகரிகம் பரவியிருக்கலாம், ஒரு ராணி போட்டால் ஊரே போடும். ஆனால் அவர் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாடியே, பதினாலாம் நூற்றாண்டின் கடைசியில், சாஸர் தன் கேன்டர்பரி கதைகளில் ஒரு தச்சனின் மனைவியை வர்ணிக்கிறார்: அவள் உள்ளங்கியின் கழுத்தில் உள்ளேயும் வெளியேயும் கரிக்கறுப்புப் பட்டு வேலை. உள்ளேயும் வெளியேயும்! ரெண்டு பக்க விஷயம் அப்போதே இருந்திருக்கிறது, அதுவும் தச்சன் வீட்டில். ஆனால் தச்சன் மனைவியைவிட ராணி கதைக்கு நன்றாக இருக்கிறார், இல்லையா.

இதைச் சொன்னால் எனக்கு வரும் பதில்கள் தெரியும். ஏற்கெனவே தங்கை போனில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டாள். "பொழுதுபோக்குக்குத் தைக்கிறே, இதுல என்ன ஆடிட்டு? அந்தக் காலத்துப் பொண்ணுங்களும் தங்களுக்குப் புடிச்ச பூவைச் சேர்த்துத்தானே போட்டிருப்பாங்க?" போட்டிருப்பார்கள். நிச்சயமாக. 1598-ல் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த மாதிரித் துணி ஒன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. தேதி போட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் கிடைத்தவற்றுள் அதுதான் மிகப் பழையது. அலைஸ் லீ என்ற குழந்தை பிறந்ததைக் குறிப்பிட்டுத் தைத்தது. அதில் கரை மாதிரிகள், பூ, மிருகம் என்று என்னென்னவோ. ஆனால் பாருங்கள், அவள் தன் பெயரைத் தைத்திருக்கிறாள், வருஷத்தைத் தைத்திருக்கிறாள். தன் பூவைத் தன் பூ என்றே வைத்திருக்கிறாள். யாரும் உன் பூவை வைக்காதே என்று நான் சொல்லவில்லை. வையுங்கள். ஜேன் சீமோர் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு பக்கம், பட்டு நூல்தான், கையால் நெய்த லினன்தான், மெழுகுவர்த்தி வெளிச்சம்தான் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசார கோஷ்டி ஒன்றும் உண்டு. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நான் ஆங்கர் பருத்தி நூலில்தான் தைத்தேன், ஆறு இழையில் ஒன்றைப் பிரித்தெடுத்து. அது எனக்குக் குற்றமாகப் படவில்லை. பருத்தி என்று சொல்லிவிட்டேன், பார்த்தாலும் தெரிகிறது. ஓவியத்தில் இல்லாத பூவை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எலிசபெத் காலத்துப் படங்களுக்குப் போனால் சிக்கல் வேறு. 1575 வாக்கில் வரைந்த பெலிக்கன் படத்திலும், ஜார்ஜ் கோவர் வரைந்த மேரி கார்ன்வாலிஸ் படத்திலும் கறுப்பு வேலை சட்டைக்கை முழுக்கப் பரவிவிடுகிறது, இழை எண்ணாமல் கொடியும் பூவும் வளைந்து வளைந்து. பெரிதாக இருப்பதால் படி எடுக்க சுலபம் என்று நினைத்தேன். அங்கே மேலே மெல்லிய வலைத்துணி வேறு போர்த்தியிருக்கிறது. அதைத் தொடப் போவதில்லை, இந்த ஜென்மத்துக்கு ஒரு மணிக்கட்டு போதும்.

சரி, தெரியும்படி வைப்பது எப்படி? இதற்கு நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியில், ரோம் நகர மறுசீரமைப்பு நிறுவனத்தில், 1940-களில் சேசரே பிராண்டி காலத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். சிதைந்த ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நிரப்புவார்கள். தள்ளி நின்றால் படம் முழுதாகத் தெரியும். கிட்டே போனால், எது பழையது எது நிரப்பியது என்று கோடு காட்டிக்கொடுத்துவிடும். நூலிலும் இதைச் செய்யலாம். படத்தில் தெளிவாகத் தெரிந்தது கறுப்பு. நான் ஊகித்தது வேறு நிறம். முதலில் பழுப்பு எடுத்தேன். பிறகுதான் உறைத்தது, பழைய கறுப்பு மங்கினால் பழுப்பாகத்தான் ஆகும். நாளைக்கு யாராவது என் ஊகத்தைத்தான் அசல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் சாம்பல் நிறம்.

தைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஏழு மாதிரிகளில் கறுப்பாக நிற்பது ரெண்டரை. மிச்சமெல்லாம் சாம்பல். அதுவும் அந்த ரெண்டரைக்குள்ளேயே அங்கங்கே ஒரு தையல், ரெண்டு தையல் சாம்பல். நான் மூன்று மாதமாக "ஜேன் சீமோர்" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதிக்கு மேல் கோத்ரூட். முனையில் இருந்த பூவைப் பிரித்துவிட்டேன். பிரித்த இடத்தில் லினனில் ஓட்டைகள் தெரிகின்றன, துவைத்தால் கொஞ்சம் மூடும் என்கிறார்கள். அங்கே இப்போதைக்கு எதுவும் வைக்கவில்லை. ரங்கமணி பார்த்துவிட்டு, "முன்னாடி நல்லா இருந்துச்சேம்மா" என்றார். முன்னாடி நல்லாத்தான் இருந்தது.

அட்டையையும் மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "ஹோல்பைன் வரைந்த ஜேன் சீமோர் படத்தைப் பார்த்து எடுத்தது. கறுப்பு: படத்தில் தெரிவது. சாம்பல்: என் ஊகம். பருத்தி நூல். பின்பக்கம் திருப்பிப் பார்க்கவும்."

கடைசி வரி காக்கூவுக்காக. பின்பக்கத்தில் இன்னும் நாலு முடிச்சு இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார், முடிச்சே இல்லாமல் நூல் முனையைத் தையலுக்குள் செருகி மறைப்பது எப்படி என்று காட்டுகிறேன் என்று. அம்மா புடவையையும் வெளியே எடுத்து வைக்கிறாராம். நான் கிராஃப் தாளும் பென்சிலும் கொண்டுபோகப் போகிறேன், அந்தப் படிகளை எண்ணி எழுதிக்கொள்ள.